முப்பதிலிருந்து பதினைந்துக்கு

1956-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு சப் மாஜிஸ்டிரேட் அவர்கள் முன்பாக, சாட்சி சொல்லச் சொல்லக் கோர்ட்டு குமாஸ்தாவால் எழுதப்பட்டது.

என் பெயர் கோதண்டராமன். தகப்பனார் பெயர் முனுசாமி, காலஞ்சென்றவர். வயது நாற்பத்தெட்டு. செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறம் தகரக் கொட்டகையில் மோட்டார் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பதும் அதன் பின்கட்டில்தான். டைனமோ, செல்ப் மோட்டார், லைட்டு, ஹாரன், பாட்டரி சார்ஜ், இவைதான் தொழில். இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன். இதே சங்கதியை நான் சொல்வது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். அங்கே எழுதிய ரைட்டர் நான் சொன்ன நம்பர்களையெல்லாம் விட்டுவிட்டு "சில ஒயர்கள்" என்று எழுதிக்கொண்டார். நம்பர் இல்லாமல் இந்த வழக்கில் ஒன்றுமே கிடையாது. இந்தத் தடவையாவது நம்பரோடு எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்காவது தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் டிரைவர் எல்லப்பனை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். உறவு இல்லை. பழக்கம்தான். அவன் ஓட்டிய கார் திருக்கழுக்குன்றத்தில் குடியிருக்கும் வெங்கடராகவன் என்பவருடையது. அவர் வக்கீல் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற ஜூலை 14-ந் தேதி சனிக்கிழமை மாலை மூன்று மணி சுமாருக்கு, திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற ரோட்டில், ஏரிக்கரை இறக்கத்தில், முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கோவளம் கருவாட்டு வியாபாரி தாவீது என்பவர் மீது மேற்படி கார் மோதி, அவர் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். எல்லப்பன் ஹாரன் அடித்தேன் என்கிறான். பக்கத்து வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தமே கேட்கவில்லை என்கிறார்கள். ஸ்டேஷனில் அமுத்திப் பார்த்தபோது ஹாரன் நன்றாக அலறியது. ஆகவே எல்லப்பன் பொய்யன், ஹாரன்கூட அடிக்காமல் கண்மண் தெரியாமல் ஓட்டி ஆளைக் கொன்றான் என்பது வழக்கு. அவன் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து நிற்கிறேன்.

மேற்படி கார் ஜெர்மன் கார். சென்ற வருஷம் ஐப்பசியில், மதராஸில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரரிடமிருந்து வெங்கடராகவன் வாங்கினார். வாங்கிய பதினைந்தாம் நாளே லைட்டு எரியவில்லை என்று எல்லப்பன் என் கடைக்குக் கொண்டுவந்தான். கூடவே ஒயரிங் படம் போட்ட மடித்த காகிதம் ஒன்று. நம் பக்கத்தில் ஓடுவதெல்லாம் இங்கிலீஷ் வண்டி. அவற்றில் ஒயரைப் பூட்டுகிற டெர்மினல்களில் எழுத்து போட்டிருக்கும். டி என்றால் டைனமோ, ஈ என்றால் எர்த்து, அதாவது வண்டியின் பாடி, இப்படி. அது எனக்குத் தலைகீழ்ப் பாடம். இந்தப் படத்தில் எழுத்தே இல்லை. எல்லாம் நம்பர். அதுவும் ஒன்று, இரண்டு என்று ஒழுங்காகப் போகாமல் பதினைந்து, அப்புறம் முப்பது, முப்பத்தொன்று, அப்புறம் ஐம்பது என்று தாவித் தாவிப் போயிற்று.

முப்பது என்று போட்டிருந்தால் முப்பது ஆம்பியர் தாங்கும் என்று அர்த்தம் என்று நினைத்தேன். பதினைந்து என்றால் அதில் பாதி என்று நினைத்தேன். அது மடத்தனம். அதன் பிறகு இன்னொரு மடத்தனமும் செய்தேன். இங்கிலீஷ் வண்டியில் பாட்டரியின் பிளஸ் முனையைத்தான் பாடிக்குக் கொடுப்பது வழக்கம். கைப்பழக்கத்தில் இதிலும் அப்படியே கொடுத்தேன். புகை வந்தது. நல்ல வேளை, உடனே பிடுங்கிவிட்டேன். எல்லப்பன் பக்கத்தில் நின்று, "இன்னா அண்ணாத்த, சாம்பிராணி போடுறியா?" என்றான். அதன் பிறகு ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயர் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு டெர்மினலாகத் தொட்டு, எப்போது எரிகிறது, எப்போது எரியவில்லை என்று பார்த்துப் படத்தில் பென்சிலால் தமிழில் குறித்துக்கொண்டே போனேன். ஆறு நாள் பிடித்தது.

கோர்ட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அந்த நம்பர் எண்ணிக்கை அல்ல, பெயர். முப்பது என்று எங்கே போட்டிருந்தாலும் அங்கே பாட்டரியின் பிளஸ்ஸிலிருந்து நேராகக் கரண்டு வருகிறது. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் கரண்டு இருக்கும். பதினைந்து என்று போட்ட இடத்தில் சாவியைத் திருப்பினால்தான் கரண்டு வரும், மூடினால் செத்துவிடும். முப்பத்தொன்று பாடி, அதாவது கரண்டு திரும்பிப் போகிற வழி. ஐம்பது, செல்ப் எடுத்து என்ஜினைக் கிளப்புகிற நேரத்துக்கு மட்டும். இதை எல்லப்பனுக்குச் சொன்னபோது, "அப்ப முப்பது ராவும் பகலும் முழிச்சிகினு கீற கூர்க்கா, பதினஞ்சு ஆபீசு தொறந்தாத்தான் வர்ற குமாஸ்தா, அப்படித்தானே?" என்று கேட்டுச் சிரித்தான். குமாஸ்தா ஐயா தப்பாக நினைக்க வேண்டாம், அவன் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஸ்டேஷன் ரைட்டரிடம் இதையே நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் எழுந்து போய்ப் பானெட்டைத் திறந்து எண்ணிவிட்டு வந்து, "மொத்தம் இருவத்திரெண்டு ஒயருதான்யா கீது, உன் முப்பத்தொண்ணாவது ஒயரு எங்க?" என்று கேட்டார்.

மேற்படி காரில் ஹாரனுக்குக் கரண்டு முப்பதிலிருந்து வந்தது. அதாவது சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். நம் பக்கத்து இங்கிலீஷ் வண்டிகளிலும் அப்படித்தான் என்பதால் எல்லப்பனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

சென்ற ஜூலை 1-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை வெங்கடராகவன் உறவினர்களை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்குப் போனார். காரை அடிவாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். உச்சிவேளையில் மேலே தினமும் இறங்கி வந்து சாப்பிடுகிற கழுகுக்கு அன்னம் வைத்துக்கொண்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சமயம், கீழே கூட்டத்தில் எவனோ ஒருவன் கார் ஜன்னலில் கையை விட்டு ஹாரனை அமுத்தியிருக்கிறான். விட்டு விட்டு இல்லை, ஒரே அமுத்தாக. அன்றைக்குக் கழுகு இறங்கவில்லை. வட்டமிட்டுவிட்டுப் போய்விட்டதாம். ஹாரனால்தான் போயிற்றா, அதற்கே பசியில்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இறங்கி வந்து காரைச் சூழ்ந்துகொண்டு, கண்டபடி பேசியிருக்கிறார்கள். வெங்கடராகவன் கை கூப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். அவருக்கு அது பெரிய அவமானம்.

அதன் பிறகு 6-ந் தேதி வெள்ளிக்கிழமை எனக்கு ஆள் அனுப்பினார். நான் பஸ்ஸில் போனேன். "கோதண்டம், சாவி என் கையில இருக்கறச்சே அது கத்தப்படாது. கழுகுக்கெல்லாம் என்னால பதில் சொல்ல முடியாது" என்றார். நான் ஹாரன் ஒயரை முப்பதிலிருந்து கழற்றிப் பதினைந்தில் பூட்டினேன். பத்து நிமிஷ வேலை. படத்திலும் பென்சிலால் 30 என்பதை அடித்து 15 என்று எழுதினேன். "சாமி, இனிமே சாவி போட்டாத்தான் ஹாரன் அடிக்கும்" என்று அவரிடம் சொன்னேன். "பேஷ், அதான் வேணும்" என்றார்.

அன்று எல்லப்பன் அங்கே இல்லை. மதுராந்தகத்தில் மைத்துனன் கல்யாணத்துக்குப் போயிருந்தான். எந்த வண்டியில் எதை மாற்றினாலும் ஓட்டுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நான் வருவேன். இருபத்தாறு வருஷத்தில் அது தவறியதில்லை. அன்றைக்குத் தவறிவிட்டது. ஒரு சீட்டு எழுதி ஸ்டீரிங்கில் செருகிவிட்டு வந்திருக்கலாம். ஐந்து மணி பஸ் புறப்படுகிற நேரம், உடம்பும் அசதி, அவன் செங்கல்பட்டு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன். அவன் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன். சொல்லியிருந்தால் பத்து வார்த்தைகூட ஆகியிருக்காது.

மோதல் நடந்தபோது நான் அங்கே இல்லை. 16-ந் தேதி, காரின் பாட்டரி இறங்கிவிட்டது என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். நான் பாட்டரியை ஏற்றிக் கொடுத்தேன். அதன் பிறகு வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி சாவி போட்டு என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், ஹாரனை அமுத்தினார். அடித்தது. எழுதிக்கொண்டார். நான் பக்கத்திலேதான் நின்றேன். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. எல்லப்பன் என்ஜின் ஓட்டத்திலேயே வந்ததாகத்தானே எழுதிக் கொடுத்திருந்தான்.

20-ந் தேதி எல்லப்பன் ஜாமீனில் வந்தான். வந்த அன்றே என் கடைக்கு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். டீ வாங்கி வைத்தேன், குடிக்கவில்லை. "அண்ணாத்த, நான் அமுத்துனேனா?" என்று கேட்டான்.

"அத்த என்னாண்ட வந்து கேக்குறியே, நான் இன்னாத்த கண்டேன்?" என்றேன்.

"எனக்கே தெரியலண்ணாத்த. அமுத்துனேன்னுதான் நெனச்சிகினு கீறேன். கட்டை வெரலு வலிக்கிற மாதிரி அமுத்துனேன். அந்த ஆளு நடு ரோட்டுல போய்கினே இருந்தாரு, திரும்பியே பாக்கல. எல்லாரும் சத்தம் கேக்கலேன்றாங்கோ. அமுத்திப் பாத்தா அடிக்குது. அப்ப நான் அமுத்தவே இல்லியா? பயத்துல வேற எதையாவது புடிச்சனா? ஆளைக் கொன்னுட்டு இப்ப நானே கதை கட்டிகினு கீறேனா? ஒரே பேஜாரா கீது அண்ணாத்த. வூட்ல பொண்டாட்டி மூஞ்சியப் பாக்க முடியல" என்றான்.

அவன் விளையாட்டுக்கார ஆள். அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு அந்த ஏரிக்கரை இறக்கம் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்து டிரைவர்கள் பலரும் பெட்ரோல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் சாவியை மூடிவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுவார்கள். முதலாளிகளும் அதைத்தான் விரும்புவார்கள்.

"சாவி போட்டிருந்தியா, மூடியிருந்தியா? அத்த மட்டும் சொல்லு" என்று கேட்டேன்.

அவன் கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். அதன் பிறகு, "மூடிதான் வந்தேன். அந்த எறக்கத்துல எப்பவும் மூடிடணும்னு ஐயா சொல்லிக்கீறாரு. கேஸ் ஆன அப்பால, அத்த வெளிய சொல்லாதே, இன்னும் மோசமாப் பூடும்னும் சொல்லிக்கீறாரு" என்றான்.

சாவி மூடியிருந்தால் பதினைந்து செத்திருக்கும். பதினைந்து செத்தால், நான் அங்கே பூட்டிய ஹாரனும் செத்திருக்கும். என்ஜினும் ஓடாததால் வண்டிச் சத்தமும் இல்லை. சத்தமே இல்லாமல் ஒரு கார் பின்னால் வந்தால் எந்த மனுஷன்தான் ஒதுங்குவான்? எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். ஒயரை மாற்றியதையும் சொன்னேன், அவனிடம் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை. "அப்ப நான் அமுத்துனேன்ல?" என்றான். ஆமாண்டா என்றேன். மறுபடியும் அதையே கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதன் பிறகு நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னதையும், அது "சில ஒயர்கள்" ஆனதையும் முன்னமே சொன்னேன்.

25-ந் தேதி வெங்கடராகவன் ஜட்கா வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். "ஹாரன் ஆதியிலேர்ந்தே அப்படித்தான் இருந்துதுன்னு சொல்லிடு கோதண்டம். பழி ஜெர்மன்காரன் மேல போகட்டும். அவன் என்ன, கப்பலேறி வந்து கூண்டுல நிக்கப் போறானா?" என்றார். "சாமி, படத்துல என் பென்சில் எழுத்து கீதே" என்றேன். "பென்சில்தானே, ஊர்ல ரப்பரே கிடையாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அவரைப் பற்றி இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் காரில் கூட வந்து, ரோட்டில் கிடந்த தாவீதைத் தூக்கித் தன் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். வேட்டியெல்லாம் ரத்தமாக, நான்கு நாளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் என்று எல்லப்பன் சொன்னான். அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர். மேற்படி படத்தை அழிக்காமல், மடிப்புக் கலையாமல், இன்று கோர்ட்டில் கொடுத்துவிட்டேன்.

எல்லப்பன் பேரில் தவறே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. சாவியை மூடியது தவறு. ஹாரனை நம்பாமல் முதலிலேயே பிரேக்கை மிதித்திருக்கலாம். அதற்குச் சட்டத்தில் என்ன உண்டோ அதைக் கோர்ட்டார் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அவன் பொய்யன் இல்லை. அமுத்தியவனை அமுத்தவில்லை என்று ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது.

இன்று காலை பத்து மணிக்குக் கோர்ட்டு காம்பவுண்டில் மேற்படி காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மாஜிஸ்டிரேட் அவர்கள் இறங்கி வந்தார்கள். இறந்துபோன தாவீதின் சம்சாரம் மேரியம்மாளும் தன் தமையனோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சாவியை எடுத்துக் கோர்ட்டு சேவகரிடம் கொடுத்துவிட்டு எல்லப்பனை ஸ்டீரிங்கில் உட்காரச் சொன்னார்கள். அவன் இரண்டு கட்டை விரலையும் வைத்து ஹாரனை அமுத்தினான். சத்தம் இல்லை. இன்னொரு தடவை அமுத்தச் சொன்னார்கள். அமுத்தினான். அப்போதும் இல்லை. அதன் பிறகு சேவகர் சாவியைப் போட்டுத் திருப்பினார். எல்லப்பன் விரலை எடுக்கவே இல்லாததால், திருப்பிய அந்த நொடியில் ஹாரன் அலறியது. அவன் அதன் பிறகும் விரலை எடுக்கவில்லை. குனிந்து ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு விம்மினான். கான்ஸ்டபிள் போய்க் கையை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு மேரியம்மாள் என் பக்கம் வந்தார். "அப்போ இந்த டிரைவரு அமுத்திகினேதான் வந்தாரா?" என்று கேட்டார். "ஆமாம்மா. அமுத்துனான். அது கத்தாம பண்ணது நான்தான்" என்றேன். என்னை ஏதாவது பேசுவார் என்று நின்றேன். பேசியிருந்தாலும் நியாயம்தான். அவர் என்னைத் திட்டவில்லை. "எங்கூட்டுக்காரரு செவிடாத்தான் இருப்பாரு, இல்லேன்னா வண்டி வர்றது தெரியாம இருக்குமான்னு அன்னிலேர்ந்து ஊரே பேசுது. கடல்ல வலைக்காரங்க போடுற சத்தத்த வூட்டுக்குள்ள இருந்தே கேட்டுட்டு, கத்துறது இன்னாருன்னு சொல்ற ஆளுங்க அவுரு. அத்தயும் எழுதுவாங்களா?" என்று கேட்டார். எழுதச் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கூண்டில் ஏறினேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு குமாஸ்தா எழுதியதைப் படித்துக் காட்டினார். நம்பர்களெல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் சுருக்கமாக, "சம்பவ சமயம் ஹாரன் பழுதாகி இருந்தபடியால்" என்று அவராக ஒரு வரி எழுதியிருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். அந்த வரி இருந்தால் உனக்கே நல்லது, பழுது என்றால் யார் பேரிலும் குற்றம் வராது என்று மெதுவாகச் சொன்னார். மாஜிஸ்டிரேட் அவர்களும், இப்படிச் சொன்னால் உன் பேரிலும் நடவடிக்கை வரலாம், தெரிந்துதான் சொல்கிறாயா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன்.

குமாஸ்தா மேற்படி வரியை அடித்துவிட்டு, நான் சொன்னபடி கீழே எழுதினார். ஹாரன் பழுதில்லை. டிரைவர் அமுத்தினான். தாவீதுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டேன்.

அடித்த இடத்தில் என் சுருக்கக் கையெழுத்து வைத்திருக்கிறேன். மற்றபடி மேலே கண்டதெல்லாம் நான் சொன்னது, எனக்குத் தெரிந்தவரை நிஜம். யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
மு. கோதண்டராமன்